அயல்மொழியாக ஆங்கிலம்: பாடப்புத்தகத்தில் யாருடைய வாழ்வு?

ஒரு தேசத்தின் பாஷையை வேறொரு தேசத்துக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் புகும்போது, எழுவாயும் பயனிலையும் தனித்து வருவதில்லை. விருந்தினரை எப்படி வரவேற்பது, மூத்தோரை எப்படி விளிப்பது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்னும் ஆசாரங்களும், வீடு என்றால் இப்படி இருக்கும், உத்தியோகம் என்றால் இப்படி இருக்கும் என்னும் மனச் சித்திரங்களும் அவற்றோடு கூடவே வகுப்பில் வந்து அமர்கின்றன. ஜப்பான், கொரியா, சீனம், மொராக்கோ, பிரேசில் முதலிய நாடுகளில் ஆங்கிலம் வீட்டிலும் வீதியிலும் வழங்கும் மொழியன்று. பள்ளியில் பாடமாகப் பயிலும் மொழி. ஆதலால் அந்நாட்டுக் குழந்தை ஆங்கிலத்தின் வாயிலாக எந்த வாழ்வைக் காண்கிறது என்பது பெரும்பாலும் பாடப்புத்தகத்தையும் உபாத்தியாயரையும் பொறுத்தே அமைகிறது. பாடத்தில் கலாசாரம் இடம்பெற வேண்டுமா, வேண்டாமா என்று நெடுங்காலமாக வாதித்து வருகிறார்கள். ஆனால் கலாசாரம் கலவாத மொழிப்பாடம் எங்கும் இருந்ததில்லை. ஆகவே அதைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி என்பது என் துணிபு. அக்கேள்வியை முன்வைத்து இத்துறையின் வரலாற்றையும் அபிப்பிராய பேதங்களையும் ஒருமுறை தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விஷயத்தின் வேர் ஏகாதிபத்திய காலத்தில் இருக்கிறது. 1835-இல் மெக்காலே எழுதிய குறிப்பைத் தொடர்ந்து இந்தியாவில் கல்விக்கென ஒதுக்கிய அரசாங்கப் பணம் ஆங்கிலக் கல்வியின் பக்கம் திரும்பிய வரலாறு நாம் எல்லோரும் அறிந்தது. அதனினும் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றைக் கௌரி விசுவநாதன் 1989-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் எடுத்துக் காட்டினார்: ஆங்கில இலக்கியம் என்பது இங்கிலாந்தின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் தனிப் பாடமாக வேரூன்றுவதற்கு முன்னரே இந்தியக் கல்லூரிகளில் வகுத்துக் கற்பிக்கப்பட்டுவிட்டது. மத விஷயத்தில் நேரடியாகத் தலையிட அஞ்சிய ஆட்சியாளர்கள், தங்கள் நாட்டின் நன்னெறியையும் மேன்மையையும் இலக்கியத்தின் வழியே இந்திய இளைஞர் மனத்தில் பதிக்க எண்ணினார்கள். வேற்று நாட்டாருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தொழில், பிறந்த நாள் தொட்டே கலாசாரத் தொழிலாகவும் இருந்து வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தொழில் ஒரு சாஸ்திரமாக உருவெடுத்தது. 1922-இல் ஜப்பானியக் கல்வி இலாகாவின் ஆலோசகராக டோக்கியோவுக்குச் சென்ற ஹெரால்டு பாமர், அடுத்த ஆண்டிலேயே அங்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, 1936 வரையில் பயிற்றுமுறைகளை வகுத்தார். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்கு உடனடித் தேவை பேச்சன்று, வாசிப்பே என்று கண்டு, சொற்களை அளந்து சேர்த்த வாசக நூல்களை எழுதினார். 1930-இல் ஆக்டன் என்பவர் 850 சொற்களே கொண்ட ஓர் எளிய ஆங்கிலத்தை உலகப் பொதுமொழியாகப் பிரேரணை செய்தார். 1934-இல் பிரிட்டிஷ் கவுன்சில் தோன்றியது. இவர்களில் பாமரும் வெஸ்டும் தாம் சென்ற நாட்டின் வகுப்பறையை நேரில் ஆராய்ந்து முறை வகுத்தவர்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஏனெனில், பின்வந்தோர் பலர் அந்தப் பொறுமையைக் கைவிட்டுவிட்டார்கள்.

1961-இல் உகாண்டாவின் மக்கெரேரியில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மகாநாடு ஒன்று கூடியது. அதில் உருவான கருத்துகளை ராபர்ட் பிலிப்சன், மொழி ஏகாதிபத்தியத்தைப் பற்றி 1992-இல் எழுதிய நூலில், ஐந்து கொள்கைகளாகத் தொகுத்தார். ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வாயிலாகவே கற்பிக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையவரே உத்தம ஆசிரியர். எவ்வளவு இளமையில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று. எவ்வளவு மிகுதியாகக் கற்பிக்கிறோமோ அவ்வளவு நன்று. பிற மொழிகள் வகுப்பில் புழங்கினால் ஆங்கிலத்தின் தரம் குன்றும் என்பன அவை. இவை ஐந்தும் ஆராய்ச்சியில் நிற்காத தவறான நம்பிக்கைகள் என்றும், இவற்றால் ஆதாயம் அடைந்தவை பிரிட்டனும் அமெரிக்காவுமே என்றும் அவர் வாதித்தார். நான் நோக்கியவரையில், இவ்வைந்தில் மிகுந்த தீங்கு விளைத்தது இரண்டாவது கொள்கையே. பிறப்பினால் வருவதைத் தகுதியாகக் கொண்டுவிட்டால், எவ்வளவு கற்றாலும் உள்ளூர் ஆசிரியர் இரண்டாந்தரத்தவராகவே நின்றுவிடுகிறார் அல்லவா?

உலகமயமாதல் என்று நாம் இன்று வழங்கும் மாறுதல் இந்தத் தொழிலைப் பெரும் வியாபாரமாக ஆக்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்வோருக்கான டோஃபல் தேர்வு 1964-இல் தொடங்கியது. ஐஎல்ட்ஸ் தேர்வு 1989-இல் வந்தது. அதே ஆண்டில் கிழக்கு ஐரோப்பிய அரசியல் மாறியதும், அங்கே கட்டாயப் பாடமாக இருந்த ரஷ்ய மொழியின் இடத்தை ஆங்கிலமும் ஜெர்மனும் பிடித்தன. கொரியாவில் 1997 முதலும், சீனத்தில் 2001-இல் எடுத்த முடிவின்படியும், மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் புகுந்தது. ஜப்பானில் 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் மதிப்பெண் உள்ள பாடமாயிற்று. ருவாண்டா 2008-இல் பிரெஞ்சை விலக்கி ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்க முடிவு செய்தது. தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்பு, அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த தன் சாசனத்தில், ஆங்கிலத்தையே அலுவல்மொழியாக ஏற்றது. இம்முடிவுகளில் எதையும் ஆங்கிலேயக் கவர்னர் உட்கார்ந்து ஆணையிடவில்லை. வர்த்தகமும் மேற்படிப்பும் உத்தியோகமும் ஆணையிட்டன. தாய் தந்தையர் தாங்களே விரும்பிக் கடன்பட்டும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தேடுகிறார்கள். பிலிப்சனின் வாதம் இவ்விடத்தில் முழுமை பெறவில்லை என்று சொல்லியே ஆக வேண்டும். கற்போருடைய விருப்பத்தையும் புத்தியையும் அது போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்பரவலை விளக்க முயன்றவர்களில் முதன்மையானவர் காஷ்மீரத்தில் பிறந்த பிரஜ் கச்ரு. அவர் 1985-இல் வெளியான கட்டுரையில் ஆங்கில உலகை மூன்று வட்டங்களாகப் பிரித்தார். பிரிட்டன், அமெரிக்கா முதலியன உள்வட்டம். இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் போலக் காலனி ஆட்சியின் வழியே ஆங்கிலம் நிலைத்த நாடுகள் வெளிவட்டம். சீனம், ஜப்பான் போல அயல்மொழியாகப் பயிலும் நாடுகள் விரியும் வட்டம். வெளிவட்டத்து ஆங்கிலங்களும் தத்தம் மரபுடைய முழு வடிவங்களே என்று அவர் கூற, கற்பிப்பதற்கு ஒரே தரமான ஆங்கிலம்தான் வேண்டும் என்று ராண்டால்ப் குவர்க் மறுத்தார். 1990-ஐ ஒட்டி நடந்த அந்த வாதம் இத்துறையின் போக்கையே மாற்றியது. எனினும் விரியும் வட்டத்தைப் பொறுத்தவரை கச்ருவே தயக்கம் காட்டினார்; அந்நாடுகள் வெளியார் வகுத்த விதிகளைச் சார்ந்து நிற்பவை என்றே வருணித்தார். உலகிலேயே மிகுதியான ஆங்கில மாணாக்கர் இருப்பது அவ்வட்டத்தில்தான் என்பதை எண்ணும்போது, அவர்களுக்கு விதியிலும் விஷயத்திலும் பங்கில்லை என்பது எவ்வளவு பெரிய குறை என்பது விளங்கும்.

இனிப் பாடப்புத்தகத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். 1986-இல் முதலில் வெளிவந்த ஹெட்வே போன்ற புத்தகங்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டுப் பல கண்டங்களிலும் விற்பனையாயின. எல்லாத் தேசத்துக்கும் ஒரே நூலை விற்க வேண்டுமானால் எவர் மனத்தையும் புண்படுத்தலாகாது. ஆகவே அரசியல், மது, மதம், பாலுறவு, போதைப்பொருள், சித்தாந்தங்கள், பன்றி இறைச்சி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று பதிப்பகத்தார் தம் நூலாசிரியர்களுக்கு வழக்கமாகச் சொல்லி வருகிறார்கள். இப்பட்டியலை நீக்கிய பின் எஞ்சுவது என்ன? விமான நிலையம், ஓட்டல் அறை, கடைவீதி, சினிமா நட்சத்திரத்தின் வெற்றிக் கதை, வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்ற உரையாடல். நாற்று நடவும் மாடு கறக்கவும் ஞாயிறென்றும் திங்களென்றும் பேதமில்லாத ஒரு கிராமத்துப் பெண், அந்த உரையாடலை மனப்பாடம் செய்யும்போது, தன்னிடம் இல்லாத ஒரு வார இறுதியைத் தன்னுடையதாகச் சொல்லப் பழகுகிறாள். இப்புத்தகங்களை ஆராய்ந்து 2010-இல் நூல் எழுதிய ஜான் கிரே, இவை ஆங்கிலத்தோடு நுகர்வையும் தனிமனித வெற்றியையும் சேர்த்தே விற்கின்றன என்று காட்டினார். வறுமையும் வேலையின்மையும் முதுமையும் இல்லாத அந்த உலகம் இங்கிலாந்தின் வாழ்வுமன்று. ஆங்கிலேயத் தொழிலாளி ஒருவர் அதைப் படித்தால் தம் வாழ்வை அதில் காணமாட்டார்.

இதற்கு மாற்றாகச் சில நாடுகள் தம் புத்தகத்தைத் தாமே எழுதிக்கொண்டன. மொராக்கோவில் உயர்நிலைப் பள்ளிக்கென ஆங்கிலப் பாடம் வகுத்தபோது உள்ளூர் ஆசிரியர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டறிந்து, அதன் விவரத்தை அடஸ்கூ, பிரிட்டன், ஃபாஸி ஆகிய மூவர் 1990-இல் வெளியிட்டார்கள். மேலைநாட்டு வாழ்க்கை வசதிகளை ஓயாமல் காட்டினால் இளைஞர் தம் வாழ்வின்மீது அதிருப்தி கொள்வர் என்றும், ஆங்கிலம் தம் சொந்த வாழ்வோடு ஒட்டி வந்தால் கற்கும் ஊக்கம் மிகும் என்றும் அவ்வாசிரியர்கள் கருதினார்கள். மரக்கேஷ் நகருக்கு வரும் பிரயாணிக்கு அந்நகரத்தை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியவன் மொராக்கோ மாணவன். லண்டன் மாநகரின் பஸ் பாதைகளை அறிவதைவிட அவனுக்கு முன்னே வேண்டுவது அந்த ஆற்றல். கோர்ட்டாசி, ஜின் என்னும் இருவர், இத்தகைய நூல்களையும் எண்ணி, பாடப்புத்தகங்களை மூன்றாக வகைப்படுத்தினார்கள்: கற்பவரின் கலாசாரத்தைச் சொல்வன, ஆங்கிலேய அமெரிக்கக் கலாசாரத்தைச் சொல்வன, ஆங்கிலத்தைப் பொதுமொழியாகக் கொண்ட பல தேசங்களின் வாழ்வைச் சொல்வன.

ஆனால் சொந்தக் கலாசாரம் என்றாலே நன்மை என்று முடிவுகட்டிவிடலாகாது. 1966-இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின்போது சீனப் பள்ளிகளின் ஆங்கிலப் புத்தகங்கள் தலைவர் மா சே துங்கை வாழ்த்தும் கோஷங்களாலும், கட்சியின் உபதேசங்களாலும் நிரம்பியிருந்தன. அவற்றில் அந்நியக் கலாசாரம் அறவே இல்லை. ஆயினும் அப்புத்தகங்களால் எந்தச் சீனக் குழந்தையும் தன் பாட்டியைப் பற்றியோ தன் வயலைப் பற்றியோ அயலானிடம் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. பதிப்பகம் தேர்ந்தாலும் அரசாங்கம் தேர்ந்தாலும், கற்பவரும் கற்பிப்பவரும் வாய் திறவாத இடத்தில் விளைவு ஒன்றே.

அயல்நாட்டு ஆசிரியரை வரவழைக்கும் முயற்சியும் இப்படியே ஆராயத்தக்கது. ஜப்பான் 1987-இல் ஜெட் திட்டத்தையும், கொரியா 1995-இல் எபிக் திட்டத்தையும் தொடங்கி, ஆங்கிலம் பேசும் நாட்டு இளைஞர்களைப் பள்ளிகளுக்கு அழைத்தன. அவர்களுள் பலர் நல்லெண்ணமும் உழைப்பும் உடையவர்கள். வேற்று நாட்டாரை முதன்முதலாகக் கண்ட கிராமப் பிள்ளைகளுக்கு அது மறக்க முடியாத அனுபவம். கொரியாவின் கியோங்கி மாகாணம் இன்னும் ஒரு படி மேலே போய், 2004-இல் அன்சானிலும் 2006-இல் பாஜுவிலும் ஆங்கிலக் கிராமங்களைக் கட்டியது. குழந்தைகள் குடிவரவு அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி உள்ளே நுழைந்தார்கள். மேனாட்டுப் பாணியில் எழுப்பிய தெருக்களில் வங்கி, தபாலாபீஸ், கடை என்று ஒவ்வோரிடத்திலும் ஆங்கிலம் பேசினார்கள். கூச்சம் தெளிய இது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தன் சொந்த மாகாணத்தில் நின்றுகொண்டே பிறநாட்டு வாசலில் அனுமதி கேட்கும் விருந்தாளியாகத்தான் ஆங்கிலம் பேச வேண்டும் என்ற எண்ணத்தை அந்தக் குழந்தையின் மனத்தில் விதைப்பது நல்ல கல்வியாகுமா?

பிறப்பையே தகுதியாகக் கொள்ளும் இந்த மனோபாவத்தை ஏட்ரியன் ஹாலிடே ஒரு சித்தாந்தமாகவே அடையாளம் காட்டி, அது ஆசிரியரை மட்டுமின்றிப் பயிற்றுமுறையையும் பீடித்திருக்கிறது என்றார். கிழக்காசிய மாணவர் வகுப்பில் வாய் திறவார், சுயமாகச் சிந்தியார் என்று ஆசிரியப் பயிற்சி நூல்கள் எழுதி வந்தன. ர்யூகோ குபோட்டா 1999-இல் எழுதிய கட்டுரையில், ஜப்பானியக் கலாசாரம் என்று வழங்கும் இந்தச் சித்திரமே பிறர் வரைந்தது என்றும், எந்தக் கலாசாரமும் ஒரே வடிவில் உறைந்து நிற்பதில்லை என்றும் மறுத்தார். ஹங்கேரியரான பீட்டர் மெட்ஜெஸ் 1994-இல் வெளியிட்ட நூலில், அயல்மொழியாகக் கற்ற ஆசிரியருக்கே உரிய பலங்களை எடுத்துரைத்தார்: மாணவன் எங்கே இடறுவான் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும், அவ்வழியே நடந்து வந்தவர் அவர், மாணவனின் தாய்மொழியும் அவர் கையில் ஒரு கருவி.

ஆங்கிலத்தைப் பிறப்பால் பேசுவோரைவிடக் கற்றுப் பேசுவோர் பன்மடங்கு பெருகிவிட்ட பிறகு, யாருடைய உச்சரிப்பைக் கற்பிப்பது என்ற பிரச்சினையும் எழுந்தது. ஜெனிபர் ஜென்கின்ஸ் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு தேசத்தார் ஆங்கிலத்தில் உரையாடும்போது எந்தெந்த ஒலிகள் பிறழ்ந்தால் பொருள் கெடுகிறது, எவை பிறழ்ந்தாலும் கெடுவதில்லை என்று பகுத்துக் காட்டினார். பல நாட்டு மாணவரை ஆண்டுக்கணக்கில் வாட்டி வந்த, நாக்கைப் பல்லில் வைத்து எழுப்பும் ஒலி இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்று கண்டது பலருக்கு வியப்பளித்தது. ஐரோப்பியக் கவுன்சிலும் 2001-இல் வெளியிட்ட தன் மொழித்திறன் அளவுகோலை 2018-இல் விரிவுபடுத்தியபோது, தாய்மொழியாளரை அளவாகக் காட்டும் குறிப்புகளை நீக்கியது. இம்மாறுதல்கள் நியாயமானவை. ஆனால் இவற்றைச் சாக்காக வைத்துக்கொண்டு, ஆங்கிலம் இனி எவர்க்கும் சொந்தமில்லாத வெறும் கருவி, அதில் கலாசாரத்துக்கு இடமில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்க நா எழாத கொரிய மாணவரும், பெயர் சொல்லி அழைப்பதையே அன்பாக எண்ணும் ஆஸ்திரேலியரும் சந்திக்கும்போது, இலக்கணம் பிழையின்றி இருந்தும் மனக்கசப்பு நேரலாம். ஆதலால்தான் மைக்கேல் பைராம் 1997-இல், இரு கலாசாரங்களுக்கு இடையே நின்று பொருளுணர்த்தும் திறனையே மொழிக்கல்வியின் லட்சியமாக வைத்தார். கிளேர் கிராம்ஷ் 1993-இலேயே, கற்பவர் தம்முடையதுமன்றிப் பிறருடையதுமன்றி மூன்றாவது இடம் ஒன்றைத் தமக்கென அமைத்துக்கொள்கிறார் என்று விளக்கினார்.

இக்கொள்கைகள் யாவும் ஒரு வகுப்பறையில் எவ்வாறு மெய்யாகின்றன என்பதற்கு, யாழ்ப்பாணத்தில் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த சுரேஷ் கனகராஜா எழுதியவற்றைவிடச் சிறந்த சாட்சியம் இல்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1990-களின் தொடக்கத்தில், கலைப் பிரிவு முதலாண்டு மாணவர்களுக்கு அவர் நடத்திய கட்டாய ஆங்கில வகுப்பில் கிடைத்த புத்தகம் அமெரிக்க வாழ்வை வைத்து எழுதப்பட்டது. மாணவர்கள் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஆண்டு முடிவில் புத்தகங்களைத் திருப்பிப் பார்த்தபோது, பக்க ஓரங்கள் பேசின: விடுதலைப் போராட்டத்தின் சின்னங்களும் கோஷங்களும், தமிழ்ச் சினிமாவின் சாயலும், காதல் மொழிகளும் அங்கே நிரம்பியிருந்தன, அச்சிட்ட படங்களிலிருந்த அமெரிக்க மாந்தரும் அவர்கள் பேனாவால் வேறு உருப்பெற்றிருந்தார்கள். அதே மாணவர்கள், வட்டமாகப் போட்ட நாற்காலிகளை மறுபடி வரிசையாக்கி அமர்ந்தார்கள். தேர்வுக்கு உதவும் இலக்கணத்தையே கேட்டார்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆங்கிலத்தோடு வந்த வாழ்வுக்குத் தம் வாழ்வைப் பலியிடவும் சம்மதிக்கவில்லை. 1999-இல் நூலாக விரிந்த இவ்வாராய்ச்சி, மறுப்பதும் பணிவதுமாகிய இரண்டு வழிகளுக்கு அப்பால், பிறமொழியை வசப்படுத்தித் தமதாக்கிக்கொள்ளும் வழியொன்று உண்டு என்பதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியது. அந்த மாணவர்கள் ஓரங்களில் எழுதியதைப் பாடமாக ஏற்று நடுப்பக்கத்துக்குக் கொண்டுவருவதே நல்ல உபாத்தியாயரின் பணி.

பயிற்றுமுறையும் கலாசாரப் பொருளே என்பதைத் தென்னிந்திய அறிஞர் இருவரும் உணர்ந்திருந்தார்கள். என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கண விதியை முன்வைக்காமல், கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றில் எழும் சிறு பிரச்சினைகளைத் தீர்க்கச் செய்து, அதன் வழியே மொழியை வளர்த்தார். எல்லாருக்கும் ஏற்ற ஒரே சிறந்த முறை இல்லை என்று அவர் 1990-இல் எழுதியது, இறக்குமதி முறைகளின் மீதிருந்த மோகத்தைத் தணித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராயிருந்த குமாரவடிவேலு, முறைகளுக்கு அப்பாற்பட்ட போதனையைப் பற்றி 2003-இலும், உலகமயமாதலையும் மொழிக்கல்வியையும் பற்றி 2008-இலும் நூல்கள் எழுதினார். ஆசிரியர் பிறர் வகுத்ததை நிறைவேற்றும் ஊழியரல்லர், தம் வகுப்பறையின் நிலையிலிருந்து கொள்கை வகுக்கும் தகுதியுடையவர் என்பதே அவருடைய உபதேசத்தின் சாரம்.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்க்கையில் என் முடிவு இது. ஆங்கிலத்தை விலக்குவதால் ஏழைப் பிள்ளைக்கே நஷ்டம். ஆங்கிலத்தோடு வரும் வாழ்வை ஆராயாமல் விழுங்குவதாலும் அப்பிள்ளைக்கே நஷ்டம். முதற்கண் அந்தக் குழந்தை தன் ஊரையும் உணவையும் தொழிலையும் துக்கத்தையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழக வேண்டும்; பிறகு, ஆங்கிலத்தைத் தன்னைப் போலவே கற்ற நைஜீரியரையும் வியட்நாமியரையும் கேட்டறிய வேண்டும்; அவர்களுக்கிடையே ஒருவராக ஆங்கிலேயரும் அமெரிக்கரும் வரட்டும். இவ்வரிசையைத் தத்தம் ஊருக்கேற்பத் தீர்மானிக்கும் உரிமை வகுப்பில் நிற்கும் ஆசிரியருடையது. ஆகவே பாடநூற் குழுக்கள் அவ்வாசிரியர்களை எழுத்தாளர்களாக அமர்த்த வேண்டும். அரசுகள் ஆசிரியரைப் பிறந்த நாட்டைக் கொண்டு பொறுக்காமல், பெற்ற பயிற்சியைக் கொண்டு பொறுக்க வேண்டும். தேர்வு நடத்துவோர், மாணவர் தம் வாழ்வைப் பற்றி எழுதும் விடைக்கு முழு மதிப்பும் வழங்க வேண்டும். இம்மூன்றிற்கும் பெரும் பொருட்செலவு தேவையில்லை. உள்ளூர் ஆசிரியரிடம் நம்பிக்கை ஒன்றே தேவை. கல்வி அதிகாரிகளும் பெற்றோரும் அந்த நம்பிக்கையைத் தாமதமின்றி அவருக்கு அளிப்பார்களாக.